வெள்ளை ஒயினும் தராதரமும்

பிரான்ஸ் தேசத்து உயர்ந்த ரக வெள்ளை ஒயினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு கட்சிகள் உடனே கிளம்பிவிடுகின்றன. ஒரு கட்சிக்கு அது தெய்வீக பானம். மோன்ராஷே என்ற ஒயினை முழங்காலிட்டு, தலைக் குல்லாயைக் கழற்றிவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமா சொன்னதாக ஒரு பேச்சு வழங்கி வருகிறது. இந்தக் கட்சியின் மனோபாவத்துக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் வேண்டியதில்லை. மற்றக் கட்சிக்கு எல்லாம் வெறும் பம்மாத்து. திராட்சையைப் பிழிந்து நொதிக்க வைத்த புளிப்புச் சாறு. அதற்கு ஒரு சீட்டை ஒட்டி, வாயில் நுழையாத ஒரு பெயரைச் சூட்டி, பணம் படைத்தவர்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது இவர்கள் வாதம்.

இரண்டு கட்சிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே புட்டிக்குள் இருப்பதைக் கவனிப்பதில்லை. ஒருவர் பெயரைக் கும்பிடுகிறார். மற்றவர் பெயரைத் திட்டுகிறார். நாவல்கள் விஷயத்தில் நம்மிடையே நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பெரிய பெயர் என்றால் படிக்காமலே பாராட்டுகிறவர்களும், படிக்காமலே நிராகரிக்கிறவர்களும் நமக்குப் பழக்கமானவர்கள். அதனால்தான் என் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத இந்த விஷயத்தில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டது. தரம் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை எப்படிக் கண்டுகொள்வது என்ற கேள்வியை, நாவலை வைத்துக்கொண்டு கேட்டால் கோபதாபங்கள் வந்துவிடுகின்றன. ஒயினை வைத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகக் கேட்கலாம்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் ஒயினைத் தொட்டிராதவர்களாக இருக்கலாம். தொடவே கூடாது என்ற கொள்கை உடையவர்களும் இருக்கலாம். அவர்கள் கொள்கையை அசைப்பது என் உத்தேசம் அல்ல. நானும் அப்படி ஒன்றும் அதிகம் குடித்தவன் அல்ல. பிரான்ஸில் இரண்டு தடவை தங்கியிருந்தபோதும், அப்புறம் அவ்வப்போது நண்பர்கள் தயவிலும் ருசி பார்த்திருக்கிறேன். புட்டி புட்டியாக வாங்கி நிலவறையில் அடுக்கி வைக்கிற வசதி எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. வசதி இல்லாதவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: வாங்கிய விலையை நியாயப்படுத்திக் கொள்ள வேண்டிய அவசியம் அவன் நாக்குக்குக் கிடையாது.

பிரான்ஸில் நல்ல வெள்ளை ஒயின் பல பிரதேசங்களில் உண்டாகிறது. லுவார் நதிக் கரையில் ஒருவிதம். ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்ஸாஸில் ஒருவிதம். போர்டோவுக்குத் தெற்கே, பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய திராட்சையிலிருந்து எடுக்கும் தேன் போன்ற இனிப்பு ஒயின் வேறொரு விதம். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அளக்க முயன்றால் வெறும் பட்டியல்தான் மிஞ்சும். ஆகவே, பர்கண்டிப் பிரதேசத்து இனிப்பற்ற வெள்ளை ஒயினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உலகத்தில் பாதிப் பேர் வெள்ளை ஒயின் செய்யும்போது மனத்தில் வைத்துக்கொண்டு செய்வது அதைத்தான்.

சிவப்பு ஒயினுக்கும் வெள்ளை ஒயினுக்கும் செய்முறையில் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சிவப்பு ஒயினில் திராட்சைச் சாறு தோலோடு கிடந்து நொதிக்கிறது. நிறம், துவர்ப்பு, கனம் எல்லாம் தோலிலிருந்து வருகின்றன. வெள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. பறித்த உடனே பிழிந்து, தோலை எறிந்துவிட்டு, சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். துவர்ப்பு என்ற போர்வை இல்லை. குறை இருந்தால் மறைக்க இடமில்லை. தம்பூராவும் மிருதங்கமும் இல்லாமல் ஒருவன் தனியாகப் பாடுகிற மாதிரி. சுருதி கொஞ்சம் விலகினாலும் தெரிந்துவிடும்.

பர்கண்டியில் இதற்கு உபயோகிக்கும் திராட்சை ஷார்டனே. அந்தப் பெயரிலேயே அங்கே ஒரு கிராமமும் இருக்கிறது. இந்தத் திராட்சையின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1999-ல் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, அதன் ஒரு பெற்றோர் பர்கண்டியின் குலப் பெருமையான பினோ நுவார் என்றும், மற்றது கூவே பிளான் என்ற மட்ட ரகக் கொடி என்றும் தெரிய வந்தது. கூவே பிளான் குடியானவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு வளர்த்தது. மட்டம் என்று சொல்லி, அதை நடக்கூடாது என்று பல இடங்களில் தடையே போட்டிருந்தார்கள். குலம் பார்க்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

ஷார்டனேயின் முக்கியமான குணம், அதற்கென்று தூக்கலான குணம் இல்லாததுதான். மஸ்கட் திராட்சையை மூக்கருகே கொண்டுவந்தாலே மல்லிகை மாதிரி வாசனை அடிக்கும். ஷார்டனே அப்படித் தன்னை விளம்பரம் செய்துகொள்வதில்லை. விளைந்த இடம் எப்படியோ, செய்தவன் கை எப்படியோ, அப்படி ஆகிவிடுகிறது. நாவலாசிரியர்களில் சிலர் ஒவ்வொரு பக்கத்திலும் தாமே வந்து நின்று பேசுவார்கள். சிலர் விலகி நின்று பாத்திரங்களைப் பேச விடுவார்கள். ஷார்டனே இரண்டாவது ரகம்.

இது வெறும் பேச்சா, உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஷாப்லி ஒன்று, மெர்ஸோ ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ருசி பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே திராட்சை, இரண்டும் பர்கண்டி. ஆனால் ஷாப்லி, மெர்ஸோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே, ஷாம்பேன் பிரதேசத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒதுங்கிக் கிடக்கிறது. குளிர் அதிகம். மண், ஏறக்குறைய 15 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பும் களிமண்ணும். தோட்டத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தால் சின்னஞ்சிறு சிப்பிகள் அதில் பதிந்திருப்பதைப் பார்க்கலாம்.

நல்ல ஷாப்லியை முதல் வாய் குடித்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மெலிந்த பானம். வெளிறிய மஞ்சளில் ஒரு பச்சைச் சாயல். எலுமிச்சம்பழத் தோலைக் கீறினாற்போல ஒரு வாசனை; அதற்கு அடியில், புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பட்டாற்போல ஒன்று. வாயில் முதலில் தெரிவது புளிப்பு. நம்மவர்களுக்கு அந்தப் புளிப்பு அந்நியமானது அல்ல. திராட்சைக்குப் புளிப்பைத் தரும் முக்கியமான அமிலம்தான் நம் வீட்டுப் புளியிலும் இருக்கிறது. ஆனால் ரசத்தில் புளி எப்படித் தான் முந்திக்கொண்டு நிற்காமல் மற்றதை எல்லாம் தூக்கி நிறுத்துகிறதோ, அப்படி நல்ல ஷாப்லியில் புளிப்பு ஒரு முதுகெலும்பாக நிற்கிறது. விழுங்கிய பிறகு, வாயில் ஒரு லேசான உப்புச் சுவையும் சுத்தமும் தங்குகின்றன. இன்னொரு வாய் குடிக்கச் சொல்வது அந்தச் சுத்தம்தான். பிரெஞ்சுக்காரர்கள் பச்சைச் சிப்பியோடு இதைச் சேர்த்துச் சாப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

மெர்ஸோ வேறு உலகம். பொன்னிறம் கூடியது. வறுத்த வாதுமை, வெண்ணெய், சில சமயம் புது ரொட்டி. வாயை நிறைக்கிற ஒரு பருமன். இதில் மண்ணுக்கும் வெயிலுக்கும் உள்ள பங்கோடு மனிதன் கைக்கும் பங்கு உண்டு. சாற்றை 228 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாய்களில் நொதிக்க வைக்கிறார்கள். நொதித்து முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை உடனே பிரித்து எறிவதில்லை. ஒயினை மாதக்கணக்கில் அதன் மேலேயே கிடக்க விடுகிறார்கள். சிலர் கோலால் கலக்கியும் விடுவார்கள். இதற்கிடையே இன்னொரு மாறுதலும் நடக்கிறது. பச்சை ஆப்பிளில் உள்ள கூரிய அமிலத்தை ஒருவகை நுண்ணுயிர்கள் தயிரில் உள்ள மிருதுவான அமிலமாக மாற்றிவிடுகின்றன. வெண்ணெய் வாசனை அங்கேயிருந்துதான் வருகிறது. ஷாப்லியிலும் இந்த மாறுதல் பெரும்பாலும் நடக்கவே செய்கிறது. ஆனால் குளிரில் விளைந்த திராட்சையின் புளிப்பு அதையும் தாண்டி நிற்கிறது.

இரண்டில் எது உயர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவுவது விமர்சகனுக்கு அழகல்ல. முதலில் கவர்வது மெர்ஸோதான். விருந்தில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். ஆனால் மெர்ஸோவில் சாதாரணமானவை, தங்கள் வெண்ணெயையும் வாதுமையையும் முதல் வாயிலேயே கொட்டிவிட்டு, மூன்றாவது வாயில் அலுப்புத் தட்ட வைத்துவிடுகின்றன. மரப் பீப்பாயின் வாசனை மிதமிஞ்சினால் இன்னும் மோசம். அலங்காரம் மிகுந்த வசன நடையைப் போல, பொருள் எங்கே என்று தேட வேண்டியதாகிவிடும். மெர்ஸோவிலேயே மேட்டுப் பாங்கான பெரியேர் தோட்டத்து ஒயினில் இந்தக் குறை இல்லை. பெயருக்கே கற்குழி என்று அர்த்தம். மெர்ஸோவின் செழுமையும் ஷாப்லியின் எலும்பும் அதில் சேர்ந்திருக்கின்றன. சாதாரண மெர்ஸோவுக்கும் சாதாரண ஷாப்லிக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஷாப்லியைத்தான் தேர்ந்தெடுப்பேன். குறைவாகப் பேசுகிறது; பேசியதை உண்மையாகப் பேசுகிறது.

இனி மோன்ராஷே. புலீன்யி, ஷஸான்யு என்ற இரண்டு கிராமங்களுக்கு இடையில், ஒரு சரிவின் நடுவில், சுமார் 8 ஹெக்டேர், அதாவது 20 ஏக்கர் நிலம். பெயரின் பொருள் மொட்டைக் குன்று. அந்தத் துண்டு நிலத்தின் கீர்த்தியில் பங்கு கேட்டு, 1879-ல் இரண்டு கிராமங்களுமே தங்கள் பெயரோடு அதன் பெயரை ஒட்டவைத்துக்கொண்டன. அதற்கு மேலே உள்ள சரிவுக்கு ஷெவாலியே, கீழே பாதைக்கு அப்பால் உள்ளதற்கு பத்தார். பிரெஞ்சில் முன்னது பிரபு வம்சத்து வீரன். பின்னது முறை தவறிப் பிறந்த பிள்ளை. மேலே மண் ஆழமில்லை. ஒயின் மெலிவாக, கூர்மையாக இருக்கும். கீழே மண் கனத்தது, ஒயினும் கனக்கும். நடுவில் இருப்பதில் இரண்டும் சமன்பட்டு நிற்கிறது என்பது நம்பிக்கை.

இங்கே ஒரு மூட நம்பிக்கையை விலக்கிவிட வேண்டும். கல்லில் உள்ள சுவையை வேர் உறிஞ்சிக் கனிக்குக் கொடுக்கிறது, அதனால்தான் ஒயினில் கல் மணக்கிறது என்று சொல்லிக்கொள்வது வழக்கம். மண்ணியல் வல்லுநர்கள் இதை ஒப்புவதில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குக் கரைந்து வந்து நாக்கில் உட்காரும் சக்தி கிடையாது. நிலம் செய்கிற வேலை வேறு. மழைத் தண்ணீரை எவ்வளவு வேகமாக வடியவிடுகிறது, காலை வெயிலை எந்தக் கோணத்தில் வாங்குகிறது, கொடியை எவ்வளவு பட்டினி போடுகிறது என்பதிலெல்லாம் இருக்கிறது அதன் வித்தியாசம். நிலத்தின் பெருமையை நம்புவதற்கு மாயமந்திரம் தேவையில்லை. ஒரே சரிவில் நூறடி தள்ளியிருக்கும் இரண்டு பாத்திகளின் ஒயின்கள் வேறு வேறாக இருக்கின்றன என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து, பெயரிட்டு, எல்லை கட்டி வைத்திருக்கிறார்கள். பர்கண்டியில் இப்படிப் பெயர் பெற்ற 1,247 பாத்திகளை யுனெஸ்கோ 2015-ல் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. நிலத்தை இவ்வளவு நுணுக்கமாக வாசித்த குடியானவர்களை நான் பெரிய விமர்சகர்களாகவே மதிக்கிறேன்.

தொழில்முறை விமர்சகர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர்கள் எழுதுவதைப் படித்தால் பழக்கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. பேரிக்காய், பீச், அன்னாசி, எலுமிச்சை, வெள்ளைப் பூ, தேன், வறுத்த கொட்டை. நானும் மேலே கொஞ்சம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆரம்பத்தில் அது தவிர்க்க முடியாதது. ஆனால் அதோடு நின்றுவிடுவது, ஒரு நாவலின் கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு விமர்சனம் முடிந்தது என்று எழுந்து போவதற்குச் சமானம். மட்டமான ஒயினிலும் பேரிக்காய் இருக்கலாம். இருப்பவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். விழுங்கிய பிறகு சுவை எத்தனை விநாடி தங்குகிறது என்று கணக்கிடப் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் அளவையே வைத்திருக்கிறார்கள். அதற்குக் கோதலி என்று பெயர். ஒரு கோதலி என்றால் ஒரு விநாடி. நாவலை மூடி வைத்த பிறகு அது நம்மோடு எத்தனை நாள் வருகிறது என்று அளக்க அப்படி ஒரு கருவி நமக்கும் இருந்தால் தேவலை.

இந்த இடத்தில் இரண்டாவது கட்சிக்காரர் குறுக்கிடுவார். “நாக்கை நம்பி இவ்வளவு பேசுகிறீரே, நாக்கே ஏமாறும் என்று நிரூபித்துவிட்டார்களே?” என்பார். வாஸ்தவம். 2001-ல் போர்டோவில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒயின் சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்து வர்ணிக்கச் சொன்னார்கள். அதே வெள்ளை ஒயினில், மணமும் சுவையும் இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்தும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததற்கு மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளை எல்லாம் எழுதித் தந்தார்கள். கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது.

பாரீஸில் 1976 மே 24-ம் தேதி நடந்தது இதைவிடப் பிரசித்தம். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒரு போட்டி வைத்தார். வெள்ளையில் பத்து: கலிபோர்னியா ஷார்டனே ஆறு, பர்கண்டி நாலு. புட்டியின் அடையாளம் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது முதலில் வந்தது கலிபோர்னியாவின் ஷாத்தோ மோண்டலேனா 1973. இரண்டாவதாக ஒரு மெர்ஸோ. மோன்ராஷேயின் அண்டை வீட்டுக்காரரான பத்தார் ஏழாவது இடத்தில் கிடந்தது. நிபுணர்களில் ஒருவர் ஒரு கிண்ணத்தை ருசி பார்த்துவிட்டு, அப்பாடா, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்கிற பாவனையில் பேசினாராம். அவர் கையில் இருந்தது கலிபோர்னியா ஒயின்.

தராதரம் என்பதே பொய் என்று இவற்றிலிருந்து முடிவு கட்டுகிறவர்கள் பலர். எனக்கு நேர் எதிரான முடிவுதான் தோன்றுகிறது. போர்டோ பரிசோதனை காட்டுவது, முன்கூட்டியே ஓர் எண்ணம் இருந்தால் அது ருசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதை. பாரீஸ் போட்டி காட்டுவது, அந்த எண்ணத்தை விலக்கிவிட்டால் நாக்கு தன் வேலையைச் செய்யும் என்பதை. பெயர் தெரிந்திருந்தால் அந்த ஒன்பது பேரும் ஒருக்காலும் கலிபோர்னியாவுக்கு முதலிடம் கொடுத்திருக்க மாட்டார்கள். பெயரை மறைத்ததால் கொடுத்தார்கள். தரம் என்று ஒன்று இல்லாவிட்டால், தங்கள் தேசாபிமானத்துக்கு விரோதமாக அவர்கள் கையை நகர்த்தியது எது? தவிர, ஜெயித்ததும் ஷார்டனேதான். பர்கண்டி அன்று தோற்றது, தான் உண்டாக்கிய லட்சணத்தைத் தன்னைவிடக் கவனமாகப் பயின்ற ஒரு சிஷ்யனிடம். அந்தத் தோல்வி பர்கண்டியின் பெயருக்குத்தான்; பர்கண்டி வகுத்த இலக்கணத்துக்கு அல்ல.

ஆனால் ஒரே மத்தியானத்தில் பத்துக் கிண்ணங்களை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் ஒரு குறை இருக்கிறது. அந்தப் பர்கண்டி ஒயின்களுக்கு அன்று வயது மூன்று, நாலு. பர்கண்டியின் உயர்ந்த வெள்ளை ஒயின் அந்த வயதில் வாயைத் திறப்பதில்லை. பத்து வருஷம் நிலவறையின் இருட்டில் கிடந்த பிறகுதான் அதன் புளிப்பும் பருமனும் ஒன்றாகிவிடுகின்றன. பழ வாசனை பின்வாங்கி, தேன், வறுத்த கொட்டை, காளான் போன்ற வேறு வாசனைகள் வருகின்றன. இனிப்பு இல்லாத பானத்தில் இனிப்பின் நினைவு மட்டும் தோன்றுகிறது. அப்படி முதிர்ந்த ஒரு புலீன்யியை நான் ஒரே ஒரு தடவை குடித்திருக்கிறேன். கிண்ணத்தில் அரைமணி நேரம் வைத்திருந்ததற்குள் அது மூன்று தடவை மாறியது. இந்த ஒயினின் கவர்ச்சி என்ன என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். தன்னிடம் உள்ளதை ஒரேயடியாகக் கொடுத்துவிடாத அடக்கம். காத்திருப்பவனுக்குக் காத்திருந்த அளவுக்குக் கொடுக்கிறது.

காத்திருப்பது என்றால் நம்புவது. இங்கேதான் எனக்குப் பர்கண்டியின் மீது ஒரு கடுமையான புகார் இருக்கிறது. தொண்ணூறுகளின் மத்தியில் விளைந்த பர்கண்டி வெள்ளை ஒயின்கள், பத்து வருஷம் தாங்க வேண்டியவை, ஐந்தாறு வருஷத்திலேயே காற்றுப்பட்டுக் கெட்டுப்போக ஆரம்பித்தன. ஒரே பெட்டியில் இருந்த பன்னிரண்டு புட்டிகளில் சில பொன்னிறமாக இருந்தன, சில பழுப்பேறியிருந்தன. தக்கையைக் குறை சொன்னார்கள்; கந்தகத்தின் அளவைக் குறைத்ததைச் சொன்னார்கள்; சாற்றை மிக மென்மையாகப் பிழியும் புதிய யந்திரங்களைச் சொன்னார்கள்; வண்டலை அதிகம் கலக்கியதைச் சொன்னார்கள். ஒரே காரணம் என்று இன்றுவரை தீர்மானமாகவில்லை. பலர் இப்போது தக்கைத் தூளைச் சுத்தப்படுத்தி அழுத்திச் செய்யும் அடைப்பானுக்கு மாறிவிட்டார்கள். வேறு சிலர் வாய்க்கு மெழுகு பூசுகிறார்கள். நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது.

ஒரு நண்பர் தம் மகள் பிறந்த வருஷத்து ஒயின் என்று இரண்டு புட்டி வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தார். பெரிய தோட்டம், பெரிய பெயர். பெயரைச் சொல்ல வேண்டாம். அவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். பன்னிரண்டு வருஷம் கழித்து ஒன்றைத் திறந்தார். நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிளின் நிறம், அதே வாசனை. இரண்டாவதும் அப்படியே. அவர் கோபப்படவில்லை. “எனக்குத்தான் இதெல்லாம் ரசிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது” என்றார். ஒயின் கெட்டுப்போனதைவிட அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. பெயரின் பாரம் அப்படிப்பட்டது. சரக்கு கெட்டிருந்தாலும் குடித்தவன் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறான். புரியாத நாவலைப் படித்துவிட்டுத் தன் அறிவைச் சந்தேகிக்கிற வாசகனும் இந்த ஜாதிதான். விமர்சகனுக்கு ஒரு வேலை உண்டென்றால், இப்படிப்பட்ட மனிதரிடம் போய், “உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்கிறது, ஒயின்தான் கெட்டுவிட்டது” என்று சொல்வதுதான்.

வெள்ளை ஒயின் நம்பத்தகாதது என்ற புகார் புதியதும் அல்ல. தாமஸ் ஜெபர்ஸன், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியானவர், 1787-ல் பிரான்ஸில் தூதராக இருந்தபோது பர்கண்டி வழியாகப் பிரயாணம் செய்தார். சிவப்பு ஒயின் செய்யும் பொம்மார், வோல்னே கிராமங்களில் உழைப்பாளிகள் நல்ல கோதுமை ரொட்டி சாப்பிடுவதைக் கண்டார். பக்கத்திலேயே இருக்கும் மெர்ஸோவில் மட்டமான ரை தானிய ரொட்டி. காரணம் விசாரித்தார். வெள்ளை ஒயின் சிவப்பைவிட அடிக்கடி தரம் தவறிப்போகிறது, விற்காமல் தேங்கிவிடுகிறது, அதனால் தோட்டக்காரனால் ஆட்களுக்கு நல்ல ரொட்டி போட முடிவதில்லை என்றார்களாம். இந்தச் செய்தியைத் தம் பிரயாணக் குறிப்பில் எழுதி வைத்த ஜெபர்ஸன், மெர்ஸோவிலேயே ‘தங்கத் துளி’ என்ற தோட்டத்து ஒயினை வரவழைத்தும் குடித்தார். கிண்ணத்தைப் பார்க்கிறவன் ரொட்டியையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்று மெர்ஸோவின் ஒரு ஏக்கர் நிலத்துக்காகக் கோடீஸ்வரர்கள் போட்டி போடுகிறார்கள். ஆனால் பயிர் அன்றுபோலவே இன்றும் வானத்தின் தயவில்தான் இருக்கிறது.

வானமும் மாறிக்கொண்டு வருகிறது. பர்கண்டியின் போன் நகரத்தில் திராட்சை அறுவடை எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்ற கணக்கு 1354-லிருந்து கிடைக்கிறது. அதை 2018 வரை தொகுத்து 2019-ல் வெளியிட்டார்கள். 1988-க்குப் பிறகு அறுவடை, அதற்கு முந்தைய ஆறு நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முந்திவிட்டது என்று அதிலிருந்து தெரிகிறது. வெயில் கூடினால் திராட்சையில் சர்க்கரை கூடுகிறது, புளிப்புக் குறைகிறது. ஷாப்லியின் முதுகெலும்பு என்று எதைச் சொன்னேனோ, அது கரைகிறது. முன்னதாகவே துளிர்க்கும் கொடிகளை ஏப்ரல் மாதத்து உறைபனி வந்து கருக்குகிறது. 2016-லும் 2021-லும் பெரும் சேதம். துளிர்களின் மேல் ராத்திரி முழுவதும் தண்ணீர் தெளித்து, அது உறைந்து பனிக்கட்டிக் கூடாகித் துளிரைக் காப்பாற்றும்படி செய்கிறார்கள். வரிசை வரிசையாக மெழுகுத் தீபங்கள் ஏற்றுகிறார்கள். படத்தில் பார்க்க நம் கார்த்திகை தீபம் மாதிரி அழகாக இருக்கும். அருகில் நிற்கிற குடியானவனுக்கு அது ஒரு வருஷத்துச் சாப்பாடு.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. பர்கண்டியின் உயர்ந்த வெள்ளை ஒயின் உலகத்தில் மனிதன் செய்த நேர்த்தியான பண்டங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முழங்காலிடச் சொல்கிற கட்சியும், பம்மாத்து என்கிற கட்சியும் அதைக் கெடுக்கின்றன. மோன்ராஷேயின் சில தோட்டங்களின் விலை இன்று ஒரு புட்டிக்கு ஆயிரக்கணக்கான யூரோ. அந்த விலைக்கும் சுவைக்கும் சம்பந்தம் விட்டுப்போய் வெகுகாலமாகிவிட்டது. நிலம் 20 ஏக்கர். ஆசைப்படுகிற பணக்காரர்கள் உலகமெங்கும். அந்தக் கணக்குத்தான் விலையை நிர்ணயிக்கிறது. அதைக் குடிக்க முடியவில்லையே என்று வருத்தப்பட நியாயமில்லை.

வாய்ப்புக் கிடைத்து, மனமும் இடம் கொடுக்கிற வாசகருக்கு ஒரு யோசனை மட்டும் சொல்வேன். பெயர்போன புட்டி ஒன்றுக்கு ஆசைப்படுவதைவிட, ஒழுங்காகச் செய்த சாதாரண ஷாப்லி ஒன்றும், அதே வருஷத்து மெர்ஸோ ஒன்றும் நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். சீட்டைத் துணியால் மூடிவிட வேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடிக்கக் கூடாது. மிதமிஞ்சிய குளிர் வாசனையை அடக்கிவிடும். சற்று வெளியே வைத்திருந்து, இரண்டு கிண்ணங்களையும் மாற்றி மாற்றி, அவசரமில்லாமல், என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது. ஒருமணி நேரத்தில் இரண்டும் வேறு என்பதும், எது உங்களோடு அதிக நேரம் தங்குகிறது என்பதும் உங்களுக்கே புலப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எந்தத் தூமாவும் உங்களை முழங்காலிடச் செய்ய முடியாது. எல்லாம் ஒன்றுதான் என்று யாரும் உங்களிடம் சாதிக்கவும் முடியாது.